செண்பகம் அக்கா காயவைத்த பல்

செண்பகம் அக்கா மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எடுத்தவுடன் உடைக்க மாட்டார். ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, காதோரம் இரண்டு ஆட்டு ஆட்டுவார். உள்ளே பருப்பு கலகலத்தால் காய்ந்துவிட்டது, விதைக்கு வைக்கலாம். சத்தம் வராவிட்டால் மறுபடியும் வெயிலுக்கு. கண்டாச்சிபுரம் பக்கம் பல வீட்டு விதை மல்லாட்டை அவர் காதைத் தாண்டித்தான் பானைக்குள் போகும்.

அதே காதோரம் அவர் மகனின் பல்லையும் ஆட்டிப் பார்த்தார். திண்டிவனத்தில் நான் டோக்கன் கொடுக்கும் பல் மருத்துவமனையில் அது நடந்தது.

மகன் கோகுலகிருஷ்ணனுக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே மேலுதடும் ஈறும் பிளந்திருந்தன. உதட்டைக் கைக்குழந்தையிலேயே தைத்துவிட்டார்கள். ஈறெலும்பில் இடைவெளி அப்படியே இருந்தது. இடுப்பெலும்பைச் சுரண்டி எடுத்து அதை அடைப்பதுதான் வழக்கம். பையன் இடுப்பில் கத்தி படும் என்ற பேச்சு வந்தாலே அக்கா எழுந்து வெளியே போய்விடுவார்.

டாக்டர் இசைவாணி இன்னொரு வழி சொன்னார். பால்பல்லுக்குள் இருக்கும் துளிச் சதையில் ஸ்டெம் செல்கள் உண்டு. எலும்பாகக்கூட மாறத் தெரிந்த செல்கள். அவற்றை வளர்த்து ஈறில் வைத்துப் பார்க்கும் ஓர் ஆய்வு நடக்கிறது. கோகுலின் பல்லில் செல் பிழைத்தால் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். இடுப்பைத் தொட வேண்டியதில்லை.

"விதை மாதிரிதான் அக்கா. பல்லு விழுந்ததும் பத்திரமா எடுத்துட்டு வாங்க."

விதை என்றதும் அக்காவுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. முன்பல் விழுந்ததும் கழுவி, நிழலில் உலர்த்தி, வெயில் காட்டி, சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து கொண்டுவந்தார். முடிச்சை அவிழ்த்துக் காதோரம் ஆட்டினார்.

"நல்லா காய வச்சிக்கினு வந்திருக்கேன் டாக்டரம்மா. பூச்சிகூட வுழாது."

டாக்டர் நெற்றியில் கை வைத்தார். "அய்யோ அக்கா, காஞ்சா செத்துடும். ஈரமாவே இருக்கணும்."

"விதைன்னீங்களே?"

"அப்படிச் சொன்னது என் தப்புதான்." டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அக்காவுக்கு வரவில்லை. இன்னொரு பல் ஆடத் தொடங்கியிருந்தது. அது விழுவதற்குள் வந்தால் தானே எடுத்துவிடுவதாகச் சொல்லி, நாள் குறித்து அனுப்பினார் டாக்டர்.

பல் அதுவரை பொறுக்கவில்லை. குறித்த நாளன்று காலை கண்டாச்சிபுரத்தில் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்துவிட்டது.

என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற அக்கா, நான் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. மெல்ல முடியாத மகனுக்காகக் காய்ச்சி ஆற்றிய பால் கையிலிருந்த தூக்குச்சட்டியில். பாதி குடித்திருந்தான். அதை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். கோகுல்தான் பேசினான்.

"என் பல்லு எங்கம்மா வாயில இருக்குதுண்ணா. கண்டெக்டரு 'இன்னாம்மா, வாயில கொழுக்கட்டையா'ன்னாரு. இல்ல, என் பல்லுன்னேன். பஸ்ஸே சிரிச்சிச்சு."

விழுப்புரத்தில் பஸ் மாறி, திண்டிவனம் வரை எச்சிலைக்கூடப் பார்த்துப் பார்த்து விழுங்கியிருக்கிறார். டாக்டரின் உள்ளங்கையில் பல்லைத் துப்பியபிறகுதான் குரல் வந்தது.

"ஈரமா இருக்கணும்னீங்களே."

பல் மருந்துநீரில் இறங்கி, ஐஸ் பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அதன்பிறகு அக்கா அடிக்கடி போன் செய்தார். கேள்வி ஒன்றேதான்: "மொளச்சிச்சா தம்பி?"

முளைக்கவில்லை. செல்லை முந்திக்கொண்டு வாயின் கிருமிகள் வளர்ந்துவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். கோகுலுக்கு இடுப்பிலிருந்துதான் எலும்பு எடுத்தார்கள். சில நாள் நொண்டினான். இப்போது பனமலைக் கோயிலுக்குப் போனால் அம்மாவுக்கு முன்னால் ஏறி, மேலே நின்றுகொண்டு கத்துகிறானாம்: "ஜல்தியா வாம்மா!"

ஐஸ் பெட்டி எடுத்துப்போக வரும் மணிமாறனிடம் ரொம்ப நாள் கழித்து ஒருமுறை கேட்டேன், மருந்துநீர் கிடைக்காத இடத்தில் பல்லை எதில் போட்டு வைப்பது என்று.

"காய்ச்சி ஆறின பாலு போதும்ப்பா" என்றார். "எல்லார் வூட்லயும் இருக்குமே."