ஸ்டிக் நிறைவதற்குள் ஒரு பக்கம்

1. அழைத்துப்போக வந்தவர்

வெங்கம்மாள் அக்கா தமிழ் வித்துவான் பரீட்சையில் தோற்ற செய்தி வந்த மறுநாளே, அவருடைய அண்ணன் அவரை அழைத்துப்போக ராஜபாளையத்திலிருந்து வந்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகும் வழியில் ஒரு ராவுத்தர் அச்சாபீஸ் நடத்திவந்தார். நான் அங்கே ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டர். அக்கா காப்பி வாசிப்பவர். கையெழுத்துப் பிரதியை அவர் உரக்க வாசிக்க, புரூப் ரீடர் அச்சுத் தாளில் சரிபார்ப்பார்.

அக்கா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். கல்யாணத்துக்காக நிறுத்திவிட்டார்கள். இந்த ஊருக்கு வாழ வந்த சில வருஷத்தில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் அவர் தமிழ் வாசித்தால் மிஷின்காரர் ட்ரெடில் அச்சு மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். பழைய இலக்கியங்களை உரையோடு நிறைய அச்சிட்டோம். சில பக்கங்கள் சேர்ந்து அச்சாகும் ஒரு பாரத்துக்கு எத்தனை புரூப் எடுத்தாலும் அத்தனை தடவையும் அக்காதான் வாசிப்பார். வாசித்தது அவருக்குள் தங்கிவிடும். புரியாததை யாரிடம் வேண்டுமானாலும் கேட்பார். அதில் வெட்கமே கிடையாது. அப்படியே படித்துத்தான் பரீட்சைக்குப் போனார்.

அண்ணன் கோபக்காரர் அல்ல. தங்கச்சி பட்ட பாடு போதும் என்பது அவர் எண்ணம். இருவரும் வாசலில் செத்த நேரம் தெலுங்கில் பேசினார்கள். பிறகு அக்கா உள்ளே வந்து முதலாளி ராவுத்தரிடம் நேராகச் சொன்னார்.

"பாடம் தெரியாமத் தோத்திருந்தா இப்பமே கெளம்பிருவேன் மொதலாளி. தெரிஞ்சத எழுதி முடிக்க முடியல. ரெண்டு கேள்வி எழுதுறதுக்குள்ள மணி அடிச்சிட்டாவ. எனக்கு வேகமா எழுதிப் பழக்கமில்ல. இன்னொரு வருசம் இங்கனயே இருக்கேன்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அத்தனை வருஷத்தில் அக்கா ஒரு பக்கம் முழுதாக எழுதி நான் பார்த்ததில்லை. பள்ளியில் அவர் எழுதியது சிலேட்டில். ஆபீசில் அவருக்கு வாசிக்கிற வேலை மட்டும்தான்.

ராவுத்தர் அண்ணனைப் பார்த்தார். "விட்டுட்டுப் போங்க. மத்தியானச் சோத்து நேரத்துல மேசை சும்மாதான கெடக்கு. எழுதட்டும்."

 தங்கச்சியின் துணிமூட்டையை அண்ணன் முன்பே கையில் எடுத்து வைத்திருந்தார். அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

2. பந்தயம்

மறுநாளே அக்கா என்னிடம் ஒரு ஏற்பாடு பேசினார். நான் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு எழுத்துக் கோக்க உட்கார வேண்டும். முதலாளி ஒரு கேள்வி சொல்வார். எழுத்துகளை வரிவரியாக அடுக்க என் கையில் இருக்கும் ஸ்டிக் என்ற சின்னத் தட்டு நிறைந்து, நான் அதை இறக்கி வைப்பதற்குள், அக்கா அந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் எழுதிவிட வேண்டும். எழுதுவதற்கு, அச்சில் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கம்.

ஆரம்பத்தில் பார்க்கப் பாவமாக இருக்கும். பேனாவை உளி பிடிப்பது போலப் பிடிப்பார். வார்த்தைக்கு வார்த்தை மையைத் தொடுவார். நான் ஸ்டிக்கை இறக்கும்போது அவர் பக்கம் பாதிகூட நிறைந்திருக்காது. மனசு கேட்காமல் ஒருநாள் மெதுவாகக் கோத்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, பரீட்சை ஹால்ல எனக்காவ மணிய யாரு மெதுவா அடிப்பா? நீ ஒன் வேலய ஒழுங்காப் பாரு."

விரல் வீங்கிய நாளிலும் துணி சுற்றிக்கொண்டு எழுதினார். அந்தக் கோடை வருவதற்குள் நிலைமை மாறிவிட்டது. பக்கத்தை முடித்துவிட்டு, மை காயத் தாளை விசிறிக்கொண்டே, "சூசை, இன்னுமா ஸ்டிக்கு நெறயல?" என்பார். அதன் பிறகு நான் ஒரு நாளும் ஜெயிக்கவில்லை.

அந்த வருஷம் பாஸ் செய்தார். செய்தி கேட்டு வந்த அண்ணன் அழைத்துப்போகும் பேச்சையே எடுக்கவில்லை. எல்லாருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தார்.

3. வெங்கம்மாள் டீச்சர்

முதலில் உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் தமிழ் வேலை. உலகச் சண்டை முடிந்த சமயம் ஒரு பெண்கள் கல்லூரிக்கு இன்டர்வியூ போனார். எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டார்களாம். "மூணாம் வகுப்பு வரைக்கும் ராஜபாளையத்துல. பொறவு அச்சாபீஸ்ல" என்று சொல்லியிருக்கிறார். பிரின்சிபால் அம்மா அப்போதே ஒரு வகுப்புக்குள் அனுப்பிப் பாடம் நடத்தச் சொல்லி, பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மணி அடித்தும் பெண்கள் எழுந்திருக்கவில்லையாம். வேலை கிடைத்தது. போகப்போகப் பேராசிரியர் ஆனார்.

கல்லூரி மலர் எங்களிடம்தான் அச்சானது. புரூப் கொண்டுபோன ஒருநாள் அவர் வகுப்பு வாசலில் காத்திருந்தேன். உள்ளே பேச்சே இல்லை. அத்தனை பெண்களும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தினமும் பாடத்தைக் கொஞ்சம் முன்னால் முடித்து, மீதி நேரத்தில் அதையே எழுதச் சொல்வாராம். பெண்கள் முணுமுணுக்க மாட்டார்களா என்று வெளியே வந்த அக்காவிடம் கேட்டேன்.

"முணுமுணுக்கத்தான் செய்வாவ. ஒவ்வொருத்திக்கும் எம்புட்டுத் தெரியும்னு எனக்குத் தெரியும். பேப்பர் திருத்துறவியளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

பின்னாளில் நான் அச்சாபீஸில் போர்மன் ஆனேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தடுமாறினால், இவருக்கு வேலை வராது என்று முதலாளியிடம் ஓட மாட்டேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இவர் கைக்கு இன்னும் எது பழகவில்லை என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஏதாவது ஒரே ஒரு பழக்கம்தான் குறையாக இருக்கும்.