சட்டைப் பையில் இருந்த கம்பி

ஆளைப் பார்த்ததுமே எடைபோட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. ராயபுரத்தில் நடந்த அந்த ப்ளூஸ் கச்சேரிக்கு வாசலில் சோதனை செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். இரண்டு மூத்த கிட்டார் கலைஞர்கள் பல வருடம் கழித்து ஒன்றாக வாசிக்கும் மேடை அது.

லுங்கி கட்டிய ஒருவர் டிக்கெட்டை நீட்டினார். துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்ப்பவராம். உடம்பெல்லாம் டீசல் வாடை. அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு அது போதும். பைக்குள் சுருட்டிய கம்பி இருந்தது.

“இது எதுக்கு?”

“கிட்டாரு கம்பி சார். ஜோசப் சாருக்கு வாசிக்க சொல்லோ அறுந்துடும். எப்பவும் நான்தான் எடுத்துகினு வருவேன்.”

இங்கிலீஷ் பாட்டுக்கும் இந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்? நான் நம்பவில்லை. கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அவரை வெளியே நிறுத்தினேன்.

மூன்றாவது பாட்டில் ஜோசப்பின் கிட்டார் கம்பி அறுந்தது. அவர் முன்வரிசையைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார்.

“துரை வரலையா?”

வெளியே ஓடினேன். துரை மண்டபத்துச் சுவரில் காதை வைத்து நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“அத்த அப்பால பேசிக்கலாம். நீயே போய் குடுத்துடு சார், பாட்டு நின்னுகினு கீது.”

அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யாரோ அதில் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் துரையைத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.