கடைசி எபிசோட் பதிவாகவில்லை

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் அவர்தான் தலைமைக் கை. அதனால் எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். மனைவியும் அப்படிக் கூப்பிடுவாள், கோபம் வந்தால் மட்டும். மற்ற நேரமெல்லாம் "என்னங்க"தான். ஆகவே வீட்டுக்குள் "மாஸ்டர்" என்று குரல் கேட்டால், கையிலிருக்கும் ஸ்குரூ டிரைவரை முதலில் கீழே வைத்துவிடுவார்.

ஸ்குரூ டிரைவர் அநேகமாக எப்போதும் கையில் இருக்கும். கடையில் விற்கிற சாமானை அப்படியே வாங்கி வருவது கையாலாகாதவன் செய்கிற காரியம் என்பது அவர் எண்ணம். வீட்டு ரேடியோவைப் பழுது பார்த்தார். அன்றிலிருந்து அது இரண்டு அட்டைப் பெட்டிகளில் குடியிருக்கிறது. படுக்கையறை மின்விசிறியின் கடகடப்பை நிறுத்தினார். கடகடப்பு நின்றது, கூடவே காற்றும் நின்றது.

மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அவளை மதிய ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். வேலையைப் பற்றி அவளுக்குக் குறையில்லை. சாயங்காலம் டிவியில் வரும் தொடரைப் பார்க்க முடியாதே என்பதுதான் மனத்தாங்கல். புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட மூத்த மருமகள் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துப் பிழைக்கும் கதை. வருஷக்கணக்கில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெக்கார்டர்னு ஒரு பெட்டி விக்குது அத்தான். வாங்கி வச்சுப் பட்டனை அமுக்கினா முடிஞ்சுது" என்றான் மனைவியின் தம்பி.

"பட்டனை அமுக்கறதுக்கு நான் எதுக்குடா?" என்றார் மாஸ்டர்.

பட்டறை ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. புது மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. மாஸ்டர் அதைக் கேட்டு வாங்கி வந்து, பழசிலும் ஓடுகிற லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டார். பழைய சாமான் கடையில் ஒரு டிவி ட்யூனர் கார்டும் கிடைத்தது. கேபிள் வயரைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செருகிப் படம் பார்க்கலாம். ஆனால் அந்த வகையிலேயே அது அடிமட்டம். படத்தைச் சுருக்கிச் சேமிக்கிற வேலை அதற்குத் தெரியாது. அந்தப் பாரம் முழுவதும் கிழட்டுக் கம்ப்யூட்டரின் தலையில் விழுந்தது. பதிவு தொடங்கினால் அது மூச்சிரைப்பது அடுப்படி வரை கேட்டது.

முதல் பதிவை மனைவி மறுநாள் காலை காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்து பார்த்தாள். படம் பளிச்சென்று இருந்தது. மாமனார் வாயைத் திறந்தார், வக்கீல் வாயைத் திறந்தார், ஒருவர் குரலும் வரவில்லை.

"என்னங்க, சண்டை போட்டுக்கிட்டு யாரும் யார்கூடவும் பேசறதில்லையா?"

ட்யூனர் கார்டிலிருந்து சவுண்ட் கார்டுக்கு ஒரு குட்டி வயர் போகிறது. அந்த வழியாக வரும் சத்தத்தை லினக்ஸ் தானாகவே அடைத்து வைத்திருந்தது. மாஸ்டர் அதைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டார். இரண்டாம் பதிவில் சத்தம் கணீரென்று வந்தது, ஆனால் மாட்டுத் தீவனம் கலப்பதைப் பற்றி. சேனல்களின் அலைவரிசைப் பட்டியலில் வேறெந்த நாட்டையோ தேர்ந்தெடுத்திருந்தார்.

"மருமக எங்க?"

"வருவா, பொறு."

அவளும் பொறுமையாகத்தான் பார்த்தாள். அந்த நிகழ்ச்சி முடிந்து நன்றி சொல்லும் வரை பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல மாடு இல்லையே மாஸ்டர்" என்றாள். அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

மூன்றாவது முயற்சியில் எல்லாம் கூடி வந்தது. சரியான நேரத்தில் கம்ப்யூட்டர் தானே விழித்துக்கொண்டு பதிவு செய்தது. மனைவி காலையில் நிம்மதியாகப் பார்த்துவிட்டு மதியம் வேலைக்குப் போனாள். "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மாஸ்டர் பட்டறையில் வாரம் முழுக்க மெழுகு உருக்கினார்.

அதற்குமேல் அவர் சும்மா இருந்திருக்கலாம். செய்து முடித்த பல்செட்டை அச்சில் வைத்துக் கடிக்கவிட்டுப் பார்க்காமல் அவர் வெளியே அனுப்புவதில்லை. அதே மாதிரி, பதிவையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் வந்ததும் பதிவைத் திறந்து, சத்தம் இருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்தார். மறுநாள் சத்தமும் உதட்டசைவும் ஒத்துப்போகிறதா என்று பாதி வரை பார்த்தார். அடுத்த வாரம் கோப்பு நடுவில் அறுந்திருக்கக்கூடாதே என்று முழுசாகவே பார்த்தார். தொடர் பார்க்கிறவர்களை அவர் காலமெல்லாம் கேலி பேசியவர். இது தொடர் பார்ப்பதில் சேராது, தரப் பரிசோதனை.

பரிசோதனை முற்றியது. பட்டறையில் ஒருநாள், கையில் பாதி செய்த கீழ்த்தாடையோடு, "அந்த மாமனாருக்குக் கொஞ்சமாவது ஈரம் இருக்கா?" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் அச்சு வார்த்துக்கொண்டிருந்தவர் யாருடைய மாமனாரோ என்று மரியாதையாகப் பேசாமலிருந்தார். வீட்டிலோ, காலையில் மனைவி பார்க்கும்போது அவரும் பக்கத்தில் நின்று, "இப்ப பாரு, அந்த மாமனார் கதவைச் சாத்துவான்" என்பார்.

"நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"ஒரு யூகந்தான்."

"உங்க யூகம் இதுவரைக்கும் தப்பினதே இல்லீங்களே" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொடர் முடியப் போகிறது என்று அறிவித்தார்கள். கடைசி எபிசோட் அன்று மாஸ்டர் பல்வலி என்று சொல்லிப் பட்டறையிலிருந்து சீக்கிரம் கிளம்பினார். சொல்லத் தகுந்த இடமாகப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், இன்றைக்குப் பார்த்துக் கேபிள் காலை வாரிவிடக்கூடாதே என்று, பதிவு தொடங்குமுன் டிவி பார்க்கிற மென்பொருளைத் திறந்து படம் தெளிவாக வருகிறதா என்று பார்த்தார். தெளிவாக வந்தது. விளம்பரம் ஓடியது. விளம்பரம் முடிந்தது. தொடர் ஆரம்பமானது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் திரும்பி வந்து வாசலில் நின்றாள். மாமனார் கதவைத் திறந்தார். வக்கீல் தூரத்தில் காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். மாஸ்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தபோதுதான் அவருக்கு ஏதோ உறுத்தியது. கம்ப்யூட்டர் மூச்சிரைக்கவே இல்லை.

அந்த மலிவான கார்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். இவர் அதைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறார். நேரத்துக்கு வந்த பதிவு மென்பொருள், கார்டு வேறு வேலையில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தது. கோப்பு இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

காலையில் மனைவி காபியோடு வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பதிவாகலை" என்றார்.

"ஏன்?"

"கார்டு பிஸியா இருந்துச்சு."

"யாரோட?"

அவர் பார்வை, கம்ப்யூட்டர் முன்னால் இன்னும் கிடந்த நாற்காலிக்குப் போனது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வருஷக்கணக்கில் காத்திருந்த முடிவு. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே பல் வலித்தது.

"சரி மாஸ்டர்" என்றாள். "நீங்கதானே பாத்தீங்க. சொல்லுங்க."

முதலில் இரண்டு வரியில் சொன்னார். அவள் அசையவில்லை. பிறகு மருமகள் எப்படி நின்றாள் என்று காட்டுவதற்காக வாசற்படியில் போய் நின்றார். மாமனாராகி, கை நடுங்கத் தாழ்ப்பாளைத் தேடித் தடவினார். நாற்காலியை ஜன்னல் ஓரம் திருப்பிப் போட்டு, வக்கீலாகக் காரில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்ப முடியாமல், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். சிரித்ததாலா, அழுததாலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்று பட்டறைக்குத் தாமதமாகப் போனார். பல்வலி தேவலையா என்று எல்லோரும் விசாரித்தார்கள்.

ராத்திரி வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "போன் எக்ஸ்சேஞ்ச்ல எல்லார்கிட்டயும் கதையைச் சொன்னேன். டிவியில பாத்தவங்க சொல்றாங்க, அந்த வக்கீல் அழவே இல்லையாமே?"

மாஸ்டர் ஜன்னல் ஓரம் கிடந்த நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டார்.

"அழுதிருக்கணும்" என்றார்.

"கார்ல உக்காந்திருந்தது?"

"அது நிஜம்."

"மாமனார் கை நடுங்கிச்சுன்னீங்களே?"

"தாழ்ப்பாள் இறுக்கம். நடுங்காம எப்படித் திறப்பார்?"

அவள் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள்.

"உங்க முடிவுதான் நல்லா இருக்குன்னாங்க" என்றாள். "அடுத்த வாரம் புதுத் தொடர் ஒண்ணு வருது. அதை ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணுங்க. நான் பாத்து முடிச்சப்புறம், நீங்களும் ஒரு தடவை சொல்லுங்க."