மனேஜரின் கண்ணும் பிரதீபனின் முழங்காலும்

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கம் நகரில் ஒரு பள்ளிக்கூட ஜிம் வாசலில் ரிப்பன் வெட்டினார்கள். கத்தரிக்கோல் தட்டை ஏந்திக்கொண்டு நின்றது... அடியேன்தான்.

சிரித்துக்கொண்டுதான் நின்றேன். படங்களைப் பார்த்தால் தெரியும். ஆனால், அந்த ரிப்பன் அதை வெட்டிய மனிதரின் கையால் வெட்டப்படக் கூடாது என்று கமிட்டியில் வாக்குப் போட்டவளும் நான்தான். எப்படி இந்தக் கூத்து என்கிறீர்களா? ஒரு மாதம் பின்னால் போகவேண்டும்.

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். ரொறொன்ரோவில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு ஜெனரல் மனேஜர் இருக்கிறார். நகரத்தின் பெரிய பாஸ்கெட்போல் அணி ஒரு ஆட்டம் தோற்றால் போதும் — யாரைக் கொடுப்பது, யாரை வாங்குவது, எவனை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் சோபாவிலிருந்தே முடிவாகிவிடும். என் வீட்டுக்காரர் ஒஷாவாவில் வேலை முடித்து வருகிற வழியில், ஹைவேயில் கார் நகராத நேரத்தில், முழு அணியையும் கலைத்துப் புதிதாக அடுக்கிவிடுவார். அந்த மனேஜர் மேதை என்று ரேடியோவில் ஒருவன் சொல்வான். வெறும் அதிர்ஷ்டக்காரன் என்று அடுத்தவன் சொல்வான். இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை.

பொழுதுபோக்கு. யாருக்கும் நட்டமில்லை. ஆனால் எங்களுக்கென்று சொந்தமாக ஒரு ஜெனரல் மனேஜர் இருக்கிறாரே... அவர் விஷயம் வேறு.

ஜெகன் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் தமிழ்ப் பொடியன்களின் அணி ஒன்று, கம்யூனிட்டி சென்டர்களிலும் பள்ளிக்கூட ஜிம்களிலும் நடக்கிற ஒரு சின்ன லீக்கில் ஆடுகிறது. பயிற்சி கொடுப்பவர் வேறு ஆள். யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவெடுப்பவர் ஜெகன். மூன்று தடவை கோப்பை வென்று கொடுத்திருக்கிறார். அதனால் ஊரெல்லாம் ஒரே பேச்சு. "அவற்ற கண் இருக்கே..." என்றுதான் தொடங்குவார்கள். ஒருவன் பந்தைத் தரையில் தட்டுகிற விதத்தைப் பார்த்தே, உவன் வருவான், உவன் வரமாட்டான் என்று சொல்லிவிடுவாராம்.

வரமாட்டான் என்று அவர் சொன்னவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? அதை யாரும் தேடிப் பார்த்ததில்லை. அணியிலிருந்து நீக்கினால் நேரில் சொல்கிற வழக்கமும் அவரிடம் இல்லை. காலையில் எழும்பிப் பார்த்தால் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். அவ்வளவுதான். அதையும் 'நல்ல மனேஜ்மென்ட்' என்று மெச்சினார்கள்.

இந்த வருடம் எங்கள் சங்கம் சிறுவர் சிறுமியருக்காக ஒரு பாஸ்கெட்போல் அகாடமி தொடங்க நினைத்தது. பொறுப்பை ஜெகனிடம் கொடுப்பது என்று பேச்சு. சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு வந்தால் நம் சங்கங்கள் என்ன செய்யும்? கமிட்டி போடும். தலைவர் மோகன் அண்ணை ஒருவர். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ், ஏசி பூட்டுகிற பிசினஸ் நடத்தும் ரிஸ்வி நானா இன்னொருவர் — அணியின் ஜெர்சி எல்லாம் அவர் உபயம். மூன்றாவது நான்.

"நீங்கள் எழுதுற ஆள் தங்கச்சி. நடுநிலையா இருப்பீங்கள்," என்றார் மோகன் அண்ணை போனில்.

எழுதுகிற ஆட்களில் நடுநிலையான ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. ஆனாலும் ஓம் என்றேன். பள்ளிக்கூட நாளில் வலைப்பந்து ஆடிய திமிர்!

அந்த முணுமுணுப்புக்கு ஒரு பெயர் இருந்தது. பிரதீபன்.

பிரதீபன் ரிஸ்வி நானாவிடம்தான் வேலை செய்கிறான். முன்பெல்லாம் ஃபர்னஸைத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ட் படிகளில் இறங்குகிற வேலை. இப்போது ஒஃபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை. இடையில் நடந்தது மூன்றாவது கோப்பை.

அரையிறுதியில் அவனுடைய முழங்கால் திருகிவிட்டது. உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, ஒபரேஷன் செய்யும்வரை விளையாடவே கூடாது என்றார் டொக்டர். அடுத்த கிழமை இறுதி ஆட்டம். பிரதீபன் வலிக் குளிசை போட்டுக்கொண்டு ஆடினான். கடைசி நிமிடங்களில் கூடைக்குள் பந்தைப் போட்டுவிட்டு விழுந்தான். அணி வென்றது.

அந்த வெற்றிப் படம் சங்க மண்டபத்தில் தொங்குகிறது. இரண்டு பேர் பிரதீபனைத் தோளில் தாங்கியிருப்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும், அடடா என்ன சந்தோசம் என்பார்கள். உண்மையில் அவனால் நிற்க முடியவில்லை.

இரண்டு ஒபரேஷன் நடந்தும் கால் பழைய காலாகவில்லை.

சரி, ஜெகனிடமே கேட்போம் என்று ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன். புதிய குடியிருப்பு. வீதி மரங்கள்கூட இன்னும் ஆள் உயரம் வளராத இடம். அன்பான வரவேற்பு. சுடச்சுட ரோல்ஸ், தேத்தண்ணி. சோபாவில் அவருடைய மகள் அபி, பதினான்கு வயசு, குஷன் மேல் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். அடிபட்ட காலுக்குப் போடுகிற பெரிய கறுப்பு பூட் ஒன்று மாட்டியிருந்தது.

"என்ன நடந்தது பிள்ளைக்கு?"

"பிராக்டிஸில கால் மடங்கிப்போச்சு அக்கா," என்றார் ஜெகன். "எலும்பு முறியேல்லை. டொக்டர் நாலு கிழமை எண்டவர். நான் சொல்லிப்போட்டன், ஆறு கிழமைக்குப் பந்தைத் தொடக் கூடாது எண்டு."

"அப்பா இஸ் சோ எக்ஸ்ட்ரா, அன்ரி," என்றாள் அபி. "ஐ மிஸ்ட் த ஹோல் டோர்னமென்ட்!"

"இவள் இல்லாமல் இவளின்ர ஸ்கூல் ரீம் தோத்துப்போச்சு. தோக்கட்டும் அக்கா. கோப்பை அடுத்த வருசமும் வரும். வளருற பிள்ளை... கால் போனால் திரும்ப வருமே?"

கடித்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தேன். அவருக்கு உறைக்கும், தானாகவே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சோஸ் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஜெகன்... பிரதீபனுக்கும் டொக்டர் விளையாடக் கூடாது எண்டுதானே சொன்னவர்?"

அவர் குனிந்து மகளின் காலுக்குக் கீழே குஷனைச் சரிசெய்தார். சரியாக இருந்த குஷன்தான்.

"அவன் சின்னப் பிள்ளையே அக்கா? வளர்ந்த ஆம்பிளை. நான் ஒரு சொல்லுக் கட்டாயப்படுத்தேல்லை. ஏலுமோ எண்டு கேட்டனான். ஏலும் எண்டவன்."

"ஏலாது எண்டு சொல்லியிருந்தால்?"

"உதுக்கு என்ன அக்கா பதில் சொல்லுறது..." என்று எழும்பிப்போய், கோப்பைகள் வைத்திருக்கிற அலமாரியைக் காட்டத் தொடங்கினார்.

பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். குரூப்பில் யார் இருப்பது என்று தீர்மானிக்கிற ஆள் 'ஏலுமோ' என்று கேட்டால், அது கேள்வியா?

ஜெகன் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. பிரதீபன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் தவறாமல் போய்ப் பார்த்தவர் அவர். அந்த வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு நம்பிக்கைகூட இருந்தது. பாவம், முழங்காலைப் பற்றி விபரம் தெரியாத மனிதர், ஆர்வக் கோளாறில் செய்துவிட்டார் என்று எழுதிவிடலாமே என்று நினைத்தேன். தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். ஆனால் இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். டொக்டரைவிட இரண்டு கிழமை கூடுதலாகவே தெரியும்! திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். சும்மா கோபம் இல்லை, பொல்லாத கோபம்.

கமிட்டி கூடியது. கண்டதைச் சொன்னேன்.

"அது தகப்பன் மனம், தங்கச்சி," என்றார் மோகன் அண்ணை. "மனேஜர் மனம் வேற. மனம் இளகினால் கோப்பை எடுக்கேலாது."

"அகாடமிக்கு வரப்போறது பத்து வயசுப் பிள்ளையள், அண்ணை."

ரிஸ்வி நானா குறுக்கிட்டார்: "நாம மூணு பேரும் கதைச்சு என்ன? காலைக் குடுத்தவன் அவன். அவன்ட்டயே கேப்பம். பிரதீபன் வேணாம் எண்டு சொன்னா நானும் வேணாம்."

நியாயமாகத்தான் பட்டது. மூன்று பேரும் அவருடைய ஒஃபீஸுக்குப் போனோம். கூரை முட்ட அடுக்கிய ஃபர்னஸ் பெட்டிகளுக்கு முன்னால், காதில் ஹெட்செட்டோடு பிரதீபன் இருந்தான். எங்களைக் கண்டதும் எழும்ப முயன்றான். ஒரு கை மேசையில், மறு கை கதிரையில். இருடா இரு என்று நானா பதறினார்.

விஷயத்தைச் சொன்னோம்.

"ஜெகன் அண்ணைதான் சரியான ஆள், அக்கா. அவரை விட்டால் ஆர் இருக்கினம்?"

"உன்ர கால்...?"

"நான்தானே ஏலும் எண்டனான்."

"அவர் உன்னைக் கேட்டிருக்கவே கூடாது எண்டு ஒருநாளும் நீ நினைக்கேல்லையே?"

போன் அடித்தது. எடுத்தான். எங்கோ விட்பியில் ஒருவர் வீட்டில் ஹீட் வரவில்லை. எத்தனை பொறுமையாக, எவ்வளவு பணிவாகப் பேசினான் தெரியுமா? நாளைக்குக் காலையில் ஆள் வரும் என்று சொல்லி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"அக்கா, ஊர் அறிய நான் வெண்டது எண்டு சொல்ல அந்தக் கோப்பை ஒண்டுதான் இருக்கு. இப்ப நீங்கள் மூண்டு பேரும் இருந்து, ஜெகன் அண்ணை செய்தது பிழை எண்டு முடிவெடுத்தால்... பிறகு நான் என்னத்துக்கு என்ர காலைக் குடுத்தனான்?"

மோகன் அண்ணைகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரு மனிதர் பெரிய கெட்டிக்காரர் என்ற பெயரை யார் காப்பாற்றுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பெயரால் பிழைத்தவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அந்தப் பெயருக்காக எதையோ இழந்தவர்கள்தான் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். விட்டால் கையில் வேறு ஒன்றும் மிஞ்சாதே! கோப்பை அலமாரியில் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். முழங்கால் காற்சட்டைக்குள் இருக்கிறது.

வாக்கெடுப்பில் இரண்டுக்கு ஒன்று. தோற்றது நான்.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. அவன்ட முகத்தைப் பாத்திட்டு என்னால வேணாமெண்டு சொல்ல ஏலாமப் போச்சு," என்றார் ரிஸ்வி நானா கார் பார்க்கில். கண் கலங்கியிருந்தது. அவரோடு நான் என்னத்தைக் கோபிப்பது?

விடவில்லை நான். டொக்டர் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை, டொக்டரே சரி என்று சொல்லும்வரை யாரும் கோர்ட்டில் இறக்கக் கூடாது என்று ஒரு விதியாவது போடுங்கள் என்றேன். "நல்ல யோசனை. பிறகு பாப்பம்," என்றார் மோகன் அண்ணை. நம் சங்கங்களில் 'பிறகு பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆக, போன ஞாயிற்றுக்கிழமை. தட்டு ஏந்த ஆளில்லை, கமிட்டி மெம்பர்தானே, பிடியுங்கோ என்று கையில் திணித்துவிட்டார்கள். ஜிம் நிறையப் பிள்ளைகள். புதுச் சப்பாத்துகள் தரையில் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டன. முன்வரிசையில் பிரதீபன் இருந்தான். வாசல் படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறி வந்திருந்தான். மற்ற எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியதும் அவன்தான்.

ஜெகன் மைக்கைப் பிடித்தார். நல்ல பேச்சாளர். பிள்ளைகளைப் பார்த்து உற்சாகமாகக் கேட்டார்: "உங்களால ஏலுமோ?"

"ஏலும்!" என்று ஜிம்மே அதிர்ந்தது.

"கேக்கேல்லை! ஏலுமோ?"

"ஏலும்!"

பெற்றோர் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள்.

பக்கத்தில் நின்ற ஓர் இளம் தாய், மகனின் கையைப் பிடித்தபடி கேட்டாள்: "அக்கா, நீங்களும் கமிட்டியில இருந்தனீங்களாம். ஆள் உண்மையிலயே அவ்வளவு கெட்டிக்காரரே?"

"டொக்டர் வேண்டாம் எண்டால் நீங்களும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி," என்றேன். "பிள்ளையிட்ட 'ஏலுமோ' எண்டு கேக்க விடாதேங்கோ."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நல்ல நாளில் இது என்ன பேச்சு என்று நினைத்திருக்கவேண்டும். மகனின் கையை விட்டாள். அவன் பந்தை நோக்கி ஓடினான்.

மேடைக்குப் பக்கத்தில் அபி இருந்தாள், காலை இன்னொரு கதிரையில் நீட்டியபடி. டொக்டர் சொன்ன நாலு கிழமை முடிந்துவிட்டது. அப்பாவின் ஆறு கிழமை இன்னும் முடியவில்லை. ஓடுகிற பிள்ளைகள் யாரும் இடித்துவிடக் கூடாதே என்று, ஜெகன் பேச்சை நடுவில் நிறுத்தி இறங்கிவந்து, அந்தக் கதிரையை மெல்ல நகர்த்திச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனார்.

கெட்டிக்காரர்தான், சந்தேகமே வேண்டாம் — எந்தக் காலுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.