அக்காவின் மூச்சுக்குக் காவலிருந்த ஆண்டுகள்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி நடக்கும் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவின் மகள் லில்லி, "சித்தி, நீங்கதான் எழுதணும். கடைசி வரைக்கும் கூடவே இருந்தது நீங்கதான்" என்று சொல்லிவிட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஒரே வீட்டுல மூணு பேருக்கும் ஒரே காய்ச்சல். அவளுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?" தெரிந்ததை இப்போது எழுதுகிறேன்.

அக்கா அனுமந்தன்பட்டியில் பிறந்தார். அப்பா ஆசிரியர், அம்மா தோட்ட வேலைக்குப் போனவர். பெண்கள் இருவரில் அக்கா மூத்தவர். நான் ஏழு வயது இளையவள். அக்கா பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு அப்பா இறந்தார். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். அதைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அதன் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை.

திராட்சை வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தலைக்கு மேலே பந்தல். பழைய கிளைகளைக் கவாத்து வெட்டுவதும், குலையில் பிஞ்சு கழிப்பதும், கொடி கட்டுவதும், எல்லாமே கையைத் தூக்கிக்கொண்டு செய்கிற வேலை. அக்கா காலையில் தூக்கிய கையை மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறக்குவார். அந்தத் தோட்டத்து வருமானத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். எனக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். உத்தமபாளையம் டாக்டரிடம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது அம்மாவைவிட அக்காதான். அந்த நோயினால் நான் திருமணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அக்காவைக் கட்டிய அத்தான், "அவ எங்க போகணும்? இங்கனதான் இருக்கணும்" என்று சொன்ன நாளிலிருந்து அக்கா வீடுதான் என் வீடு.

இரண்டாம் அலை வந்த கோடையில், சந்தைக்குத் திராட்சை கொண்டுபோன அத்தான் தலைவலியோடு திரும்பி வந்தார். இரண்டு நாளில் எனக்கும் காய்ச்சல். அதற்கடுத்து அக்காவுக்கு. மூவருக்கும் கொரோனா என்று முடிவு வந்ததும் ஊரில் எல்லாரும் என்னை நினைத்துத்தான் பயந்தார்கள். நானும் என்னை நினைத்துத்தான் பயந்தேன். இழுப்புக்காரியின் நெஞ்சில் இந்தக் கிருமி போனால் என்ன ஆகும்?

அக்கா என் விரலில் அந்த ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிமாட்டிப் பார்ப்பார். "தொண்ணூத்தியேழு இருக்குத்தா. ஒண்ணுமில்ல. கஞ்சியக் குடி" என்பார். தனக்கும் காய்ச்சல் என்பதே நினைவில்லாமல் அடுப்படிக்கும் என் கட்டிலுக்கும் நடந்தார்.

ஒரு மத்தியானம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து ரசத்துக்குப் பூண்டு உரித்தபடி, பக்கத்துத் தெருக் கல்யாணம் ஒன்று ஊரடங்கில் நடந்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்கட்டுமே என்று கிளிப்பை அவர் விரலில் மாட்டினேன். எழுபத்தியாறு என்று காட்டியது.

"பேட்டரி போயிருச்சு போல" என்றார் அத்தான். அவர் விரலில் மாட்டினோம். தொண்ணூற்று நான்கு. என் விரலில் மாட்டினோம். சரியாக இருந்தது. மறுபடியும் அக்கா விரலில் மாட்டினோம். எழுபத்தைந்து.

"அக்கா, மூச்சு முட்டுதா?"

"எனக்கென்ன முட்டுது? நல்லாத்தான் இருக்கேன். அந்த மிஷின் பொய் சொல்லுது, கழட்டி வை."

அப்போதுதான் அவர் நகங்களைப் பார்த்தேன். பூண்டுத் தோலைப் பிடித்திருந்த அந்த விரல்களின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. உதடும் அப்படித்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

தேனியில் ஒரு மருத்துவமனையில் மூவருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நுரையீரல் என்றால் படத்தில் கறுப்பாக இருக்க வேண்டும். என் படம் கறுப்பாக இருந்தது. அத்தான் படத்தில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். அக்கா படத்தில் கறுப்பைத் தேட வேண்டியிருந்தது.

"இவங்களுக்குத்தான் சார் வீசிங். அவங்க ஒருநாளும் படுத்ததில்ல. மாத்தி எதுவும் பாத்துட்டீங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் அத்தான்.

அந்த டாக்டர் கோபப்படவில்லை. "மாத்தல அய்யா. கிருமி ஒண்ணுதான். ஆனா உடம்பு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி எதிர்க்குது. சில பேருக்கு அளவா எதிர்த்து நிறுத்திக்குது. சில பேருக்கு நிறுத்தத் தெரியல. கிருமி குறைஞ்ச பிறகும் உடம்பே அடிச்சுக்கிட்டு இருக்கும். அந்த அடியிலதான் நுரையீரல் வெந்துபோகுது. யாருக்கு எப்படின்னு முன்கூட்டியே சொல்ல எங்களால முடியல" என்றார்.

நானும் அத்தானும் சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா அங்கே பல வாரங்கள் இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எங்களை விடவில்லை. போன் மணி அடிக்கும்போதெல்லாம் எடுப்பதற்கு முன்னால் அத்தான் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அக்கா பிழைத்து வந்தார். தெருவே வாசலில் நின்று வரவேற்றது. ஆனால் அக்காவோடு ஓர் ஆக்சிஜன் மிஷினும் வந்தது.

மூன்று மாதத்தில் எடுத்த படத்தில் அத்தானின் வெள்ளைத் திட்டுகள் இருந்த இடம் தெரியவில்லை. அக்காவுக்கு வெள்ளை குறைந்திருந்தது, ஆனால் அந்த இடமெல்லாம் தழும்பாகிவிட்டது என்றார்கள். தோலில் விழுந்த தீக்காயம் ஆறிய பிறகு தோல் இறுகுவதுபோல உள்ளே இறுகியிருக்கிறது, விரிய வேண்டிய இடம் விரியாது என்று விளக்கினார் டாக்டர். இன்னும் கொஞ்சம் சரியாகலாம், அப்படியே நிற்கலாம், மோசமாகவும் ஆகலாம் என்றார். மூன்றில் எது என்று தெரியாமல் வாழ்வதுதான் எங்கள் வேலையாகிப் போனது.

அந்த ஆண்டு கவாத்துப் பருவத்தில் அக்கா யாரிடமும் சொல்லாமல் கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு கொடிக்குக் கையைத் தூக்கினார். இரண்டாவது கொடிக்குத் தூக்கும்போதே வாய் திறந்துவிட்டது. கையைத் தூக்கினால் நெஞ்சுக்கு மூச்சு போதவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"பயமா இருக்குடி."

அக்கா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

"சாகுறதுக்கு இல்ல. மூச்ச இழுக்குறேன், வர மாட்டேங்குது பாரு, அதுக்குத்தான்."

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் காது கூர்மையாகிவிட்டது. மிஷின் ஓடும் சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கும். மின்சாரம் நின்றால் அத்தான் சிலிண்டருக்குத் தாவுவார். யாராவது வாசலில் தும்மினால் நான் கதவைச் சாத்துவேன். முகக்கவசம் போடாமல் வந்த நெருங்கிய சொந்தங்களைக்கூட வெளியிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பியிருக்கிறேன். மனம் வருந்தியவர்கள் இருப்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கும்போது, ஊரே அந்த நோயை மறந்துவிட்ட ஒரு நாளில் எங்கள் மூவருக்கும் மறுபடியும் காய்ச்சல் வந்தது. சோதித்தால் அதே கொரோனா. அத்தான் காரை வரவழைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலிலேயே இருந்தது. வண்டியில் அக்கா ஜெபமாலையை விரலில் சுற்றியபடி, "லில்லிய வரச் சொல்லிருங்க. ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆக்சிஜன் அளவு வழக்கமாக இருப்பதிலிருந்து இறங்கவே இல்லை. படுக்கையில் கிடந்து இருமியது நான்தான். அந்த இருமல் என்னை ஒன்றரை மாதம் விடவில்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் சிரித்தார். "அம்மாவோட உடம்பு பழைய எதிரிய மறக்கல. தடுப்பூசியும் போட்டிருக்கீங்க. எதிர்ப்புச் சக்தி நல்லா திரும்பியிருக்கு. தங்கச்சிக்குத்தான் அது கொஞ்சம் மந்தம்" என்றார்.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப நுரையீரலும் அது மாதிரி திரும்பிரும்ல சார்?"

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "அது வேறங்கய்யா. எதிர்ப்புச் சக்தி திரும்பும். தழும்பு திரும்பாது."

அக்கா அதைக் கேட்டும் முகம் வாடவில்லை. "விடுங்க. பாதியாவது திரும்புச்சே" என்றார். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அத்தான் சிறிய சிலிண்டரோடு ஆட்டோவில் ஏற்றிப் போனார். பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மூக்கில் குழாய். கவாத்துக்கு வந்திருந்த பெண்கள் பேசாமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்தவுக மாதிரி நிக்கிறீக? ஏய் முத்து, அந்தக் கொடிய ஏன் விட்ட? அங்கன பாரு, காஞ்ச கிளை தொங்குது!" என்றார் அக்கா.

முத்துலட்சுமி சிரித்துவிட்டாள். "மதினி வந்துட்டாகடி. இனி வேலை நடந்த மாதிரிதான்." அதன் பிறகு பேச்சு நிற்கவில்லை. அன்றைக்கு அக்கா நன்றாகச் சாப்பிட்டார். எங்கள் பயமும் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அக்காவைக் கொண்டுபோனது கொரோனா இல்லை. இதையும் பலர் தவறாகப் பேசிக்கொள்வதால் எழுதுகிறேன். எல்லாருக்கும் வருகிற சளிதான் பிடித்தது. எனக்கும் அத்தானுக்கும் வந்திருந்தால் மூக்கைச் சிந்தி முடித்திருப்போம். தழும்பு விழுந்த நெஞ்சில் அந்தச் சளியைத் தாங்க இடமில்லை. வீட்டு மிஷின் போதவில்லை. மருத்துவமனையில் பெரிய குழாய் வழியாகக் கொடுத்த ஆக்சிஜனும் போதவில்லை. தொண்டைக்குள் குழாய் இறக்கலாம், ஆனால் திரும்ப எடுக்க முடியும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அக்காவிடமே கேட்டோம். வேண்டாம் என்று தலையை அசைத்தார். பங்குத்தந்தை வந்து எண்ணெய் பூசி ஜெபித்து நோயில் பூசுதல் கொடுத்தார். லில்லி சென்னையிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அக்கா ஆக்சிஜன் முகமூடியை விலக்கச் சொல்லி என்னை அருகில் அழைத்தார். கண்களில் அந்த வரப்பில் பார்த்ததைவிடப் பெரிய பயம் இருந்தது.

"என் கூடவே மூச்சு விடு. சத்தமா விடு. எனக்குக் கேக்கணும்."

முகமூடியை மாட்டிவிட்டு, அவர் காதோரம் குனிந்து மூச்சை இழுத்து விட்டேன். அவரும் என் கையைப் பிடித்தபடி இழுத்தார். அத்தான் மறுபக்கம் வந்து குனிந்தார். லில்லி கால்மாட்டில் நின்று அழுதுகொண்டே இழுத்து விட்டாள். நர்சம்மா உள்ளே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக அக்காவின் பிடி தளர்ந்தது. கண்ணிலிருந்த பயம் இறங்கியது. அதை நான் பார்த்தேன், உறுதியாகச் சொல்கிறேன். நாங்கள் மூவரும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேயிருந்தோம். நிறுத்த எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் அத்தான்தான் என் தோளைத் தொட்டு, "போதும்த்தா" என்றார்.

மின்தடை வரும் நாள்களில் முன்கூட்டியே போன் செய்து சொன்ன மின்வாரிய ஊழியருக்கும், கேட்ட நேரத்துக்கெல்லாம் சிலிண்டர் இறக்கித் தந்த வண்டிக்காரத் தம்பிக்கும், கைவிடாத டாக்டருக்கும், செவிலியர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், தோட்டத்தை இன்றுவரை பார்த்துக்கொள்ளும் முத்துலட்சுமிக்கும் கூட வேலை செய்யும் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த நோய் வந்துபோன பிறகு படியேறினால் மூச்சு வாங்குகிறவர்கள் இங்கே இருக்கக்கூடும். வயதாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஒரு தடவை நெஞ்சைக் காட்டிப் பாருங்கள்.

ஒரே வீட்டில் ஒரே காற்றைத்தான் மூவரும் சுவாசித்தோம். ஏன் அக்காவுக்கு மட்டும் என்ற கேள்விக்கு எனக்கு இவ்வளவுதான் தெரியும். இதற்கு மேல் படித்தவர்களுக்கும் தெரியவில்லை. தினமும் எழுந்ததும் ஒரு மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்திப் பார்க்கிறேன். தடையில்லாமல் வருகிறது. பூண்டு உரித்த அன்று அக்காவுக்கும் அப்படித்தான் வந்தது. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா.

கண்ணீருடன்,
தங்கை