பஃபிங் ரூம் லேப்டாப்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்தத் தோல் கம்பெனியில் ஜெபகனியைக் கம்ப்யூட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் பெரிசு, உட்காரும் நாற்காலிக்கோ ஒரு கால் ஆடும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, வேலூரில் ஒரு டிப்ளமாவும் முடித்துவிட்டு, தொண்ணூத்தேழில் பில் அடிக்க வந்தவள். அதற்கப்புறம் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவள்தான், போனில் சத்தம் வராவிட்டாலும் அவள்தான், முதலாளி வீட்டு டிவி ரிமோட் மக்கர் பண்ணினாலும் அவள்தான். கரண்டில் ஓடுகிற எதுவும் அவள் பொறுப்பு என்று யாரோ எழுதி வைத்துவிட்டது போல நடந்துகொண்டார்கள்.

அதே கம்பெனியில் பஃபிங் செக்‌ஷனில் அவள் புருஷன் வில்சன். பஃபிங் என்றால் வேறொன்றுமில்லை, எமரி பேப்பர் சுற்றிய உருளையில் தோலின் மேல்பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. தேய்க்கத் தேய்க்கத் தூள் பறக்கும். மாவு மில்லில் நிற்கிற மாதிரிதான், ஆனால் இந்த மாவு தோல் மாவு. அந்தத் தூளை உறிஞ்சி மூட்டையில் அடைக்க டஸ்ட் கலெக்டர் என்று ஒரு பெரிய மெஷின் அங்கே உண்டு. உண்டு என்றுதான் சொன்னேன், ஓடியது என்று சொல்லவில்லை. இரண்டாயிரத்தெட்டில் கரண்ட் கட் ஆரம்பித்ததும், ஜெனரேட்டரில் டீசல் ஊற்றி இதை வேறு ஓட்டுவதா என்று நிறுத்திப் போட்டார்கள். பஃபிங் உருளை மட்டும் நிற்காமல் ஓடியது. இங்கே தோல் வாங்குகிற வெளிநாட்டு ஷூ கம்பெனியின் ஆடிட்டர் சோதனைக்கு வருகிற அன்றைக்கு டஸ்ட் கலெக்டருக்கு உயிர் வரும். மாஸ்க்கும் அன்றைக்குத்தான் கண்ணில் படும்.

வில்சனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சர்ச் பாட்டுக் குழுவில் அடிக்குரல் பாடிக்கொண்டிருந்தவன், ஒரு சரணம் முடிவதற்குள் மூச்சு வாங்கவே நின்றுவிட்டான். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மொதல்ல தூசிய விட்டு வெளிய வாங்க. அங்கியே நின்னுக்கினு மருந்து சாப்ட்டா ஒண்ணும் கேக்காது" என்று நேராகவே சொன்னார். திரும்பி வரும்போது பள்ளிகொண்டா வருவதற்குள் வில்சன் பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனான். வேலையை விட்டுவிடலாம்தான். விட்டால் வேறு எங்கே போவான்? எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அவனுக்குத் தெரிந்தது பஃபிங், அவர்கள் கொடுப்பதும் பஃபிங். இதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றிக் கேட்பது ஒன்றுதான் வழி என்று ஜெபகனி முடிவு பண்ணினாள்.

மேனேஜர் ஞானசிகாமணியும் இவர்கள் போகிற சர்ச்தான். கமிட்டியில் இருக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணுவதைப் பார்த்தால் நமக்கே மனசு உருகும். அவரிடம் போய்க் கேட்டாள்.

"இருமலா? பீடி கீடி குடிக்கிறானாம்மா?"

"அவரு டீயே ஜாஸ்தி குடிக்க மாட்டாரு சார். எல்லாம் பஃபிங் தூசிதான்."

"அங்க இன்னும் அத்தினி பேரு வேல செய்றாங்களே, அவங்களுக்கெல்லாம் இன்னா ஆச்சு? பாக்கலாம், பேக்கிங்ல எடம் இல்ல."

போய்க் கேட்கும்போதெல்லாம் இந்த பாக்கலாம்தான். பார்க்கிற கண்ணைத்தான் காணோம்.

இந்த நேரத்தில்தான் லேப்டாப் விவகாரம் வந்தது. பஃபிங் ஹாலின் மூலையில் சூப்பர்வைசருக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு கேபின். அதன் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை. தினம் எத்தனை தோல் தேய்த்தார்கள் என்று ஏற்றுகிற லேப்டாப் அங்கேதான் இருந்தது. அதில் இருந்த விண்டோஸ் திருட்டு விண்டோஸ். இந்தத் தடவை ஆடிட்டில் கம்ப்யூட்டரையும் பார்ப்போம், லைசென்ஸ் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது என்று ஷூ கம்பெனி எழுதிவிட்டது. ஞானசிகாமணி ஜெபகனியைக் கூப்பிட்டார்.

"விண்டோஸுக்குப் பதிலா ஓசில லினக்ஸ்னு ஒண்ணு கெடைக்குதாமே? அதப் போட்டுடு. ஆடிட்டுக்குள்ள லேப்டாப் ரெடியாயிட்டா வில்சன் மேட்டர நான் பாத்துக்கறேன்."

"நெஜமாவா சார்?"

"ஏம்மா, ஒரே சர்ச்சுல இருந்துக்கினு உன்கிட்ட பொய் சொல்லுவனா?"

அவளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. ஒரு சாப்ட்வேரைப் போட்டால் புருஷன் பிழைப்பான் என்றால் எவள்தான் போட மாட்டாள்? கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த ஒரு லினக்ஸ் சிடியை எடுத்துக்கொண்டு அந்தக் கேபினிலேயே உட்கார்ந்தாள்.

சிடி சுற்றியது. பாதி ஏறுவதற்குள் விசிறி ஓவென்று கத்தியது, அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது, பொட்டென்று அணைந்தது. ஆறவைத்து மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. இன்டர்நெட்டில் தேடியதில், ஆரம்பிக்கும்போதே இந்த வரியைச் சேர், மின்சாரத்தைக் கவனிக்கிற பகுதியை லினக்ஸ் தொடாது என்று ஒருவன் எழுதியிருந்தான். சேர்த்தாள். சூடு இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை. கடைசியில் ஒரு பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவந்து லேப்டாப்பின் முகத்துக்கு நேராக ஓடவிட்டு, ஒரு வழியாக லினக்ஸை ஏற்றி முடித்தாள்.

ஏற்றியபின் பார்த்தால் படம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு நிற்கிறது, படத்தைச் சரியாகக் காட்டவைக்கிற கிராபிக்ஸ் டிரைவர் என்கிற சாப்ட்வேர் இல்லை. வயர்லெஸ் கார்டு அதில் இருக்கிறதா என்றே லினக்ஸுக்குத் தெரியவில்லை. விண்டோஸுக்கு எழுதிய டிரைவரையே லினக்ஸுக்குள் மாட்டி ஓட்டுகிற ஒரு வித்தை இருந்தது. அதைக் கற்றுக்கொண்டு, தப்பாகப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு வயர்லெஸ்ஸைப் பிடித்தாள். கிராபிக்ஸ் டிரைவரைப் போட்டபோது திரை கறுத்துப்போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டி வந்தது. ஆடிட் நெருங்கியபோது எல்லா டிரைவரும் வேலை செய்தன. சூடு மட்டும் போகவில்லை. பத்து நிமிஷம் ஓடினால் தொண்ணூறு டிகிரியைத் தாண்டி அணைந்துவிடும்.

"ஓசி சாமான்னா அப்டிதாம்மா" என்றார் சூப்பர்வைசர். அக்கவுண்ட்ஸிலும் அதையே சொன்னார்கள். விண்டோஸ் இருந்தபோதும் அடிக்கடி அணைந்ததே என்று ஒருத்தருக்காவது ஞாபகம் வர வேண்டாமா? அப்போது கரண்ட் மேல் பழி போட்டார்கள், இப்போது லினக்ஸ் மேல். வில்சனுக்குப் பீடி மாதிரி லேப்டாப்புக்கு லினக்ஸ். ஜெபகனியும் டிரைவர் கோளாறு என்றே நம்பினாள். இன்டர்நெட்டில் புலம்பி எழுதியதற்கு எந்த ஊர்க்காரனோ பதில் போட்டிருந்தான்: டிரைவரைத் திட்டுவதற்கு முன்னால் விசிறியைத் திறந்து பார். அவளுக்குச் சுள்ளென்று வந்தது. நான் இன்னா கேக்கறேன், இவன் இன்னா சொல்றான் என்று மூடிவிட்டாள். ஆனால் வேறு வழி தெரியாமல் மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஜாருக்குப் போனாள்.

பஜாரில் கவுஸ் பாஷா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வாயில் எப்போதும் கிண்டல். அடிமூடியைக் கழற்றி, விசிறியைத் தூக்கிப் பார்த்தவர் சிரித்தார்.

"இன்னா சிஸ்டர், உள்ள கம்பளி போத்தி வெச்சிருக்கீங்க? குளிருதுன்னு சொல்லிச்சா?"

காற்று போகிற தகட்டின் மேல் ஒரு துண்டு அடைத்துக்கொண்டிருந்தது. ட்வீசரால் பிடித்து இழுத்தார். கிழியாமல் முழுசாக வந்தது. நசுக்கிப் போட்ட துணி மாதிரி கெட்டியாக, அடுக்கடுக்காக. மேலே கறுப்பு, அதற்குக் கீழே டான் என்கிற இளம்பழுப்பு, அடியில் செர்ரிச் சிவப்பு.

கவுஸ் பாஷா ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். ஜெபகனிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இந்த நிறங்கள் அவளுக்குத் தெரியும். செர்ரி ஆர்டர், அப்புறம் டான், இப்போது ஓடுவது கறுப்பு. பில் போட்டவளே அவள்தானே. அதைவிட நன்றாக இன்னொரு இடத்தில் தெரியும். வீட்டில் வில்சனின் கர்ச்சீப்பைத் துவைக்கிறவளும் அவள்தான். செர்ரி ஓடினபோது அவன் காறித் துப்பியது செர்ரி, டான் ஓடினபோது டான்.

"இன்னா ஆச்சு சிஸ்டர்? லேப்டாப் நல்லாதான் கீது. க்ளீன் பண்ணி, சூடு எறங்க பேஸ்ட் போட்டா ஓடும். ஏன் அழறீங்க?"

"எங்க வூட்டுக்காரரும் அதே ரூம்லதான் பாய் நிக்கறாரு."

கவுஸ் பாஷாவின் கிண்டல் நின்றுபோனது. தகட்டை ஊதிச் சுத்தம் பண்ணி, பேஸ்ட் தடவி மூடிக் கொடுத்தார். மணிக்கணக்கில் ஓடவிட்டும் சூடு ஏறவில்லை. லினக்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம். அந்தத் தூசித் துண்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜெபகனி கையோடு எடுத்துக்கொண்டாள்.

ஞானசிகாமணி மேஜைமேல் அதை வைத்து, "சார், டிரைவரும் இல்ல, லினக்ஸும் இல்ல. இதான் அடச்சிக்கினு இருந்திச்சி" என்றாள்.

அவர் முகம் மாறியது. பரவாயில்லையே, மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தாள்.

"இத யார்கிட்டயாவது காட்னியா?"

"ரிப்பேர் கடை பாயத் தவிர யாரும் பாக்கல சார்."

"அந்த லேப்டாப்ப அங்கேர்ந்து மொதல்ல எடு. சாம்பிள் ரூம்ல ஏசி இருக்குது, அங்க வை. புதுசா டேபிள் போடச் சொல்றேன்."

"அப்ப எங்க வூட்டுக்காரரு, சார்?"

"ஆடிட் முடியட்டும்மா. அதுவரிக்கும் வாயத் தொறக்காத."

மத்தியான சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் லேப்டாப் ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தது. மேஜைக்குக் கண்ணாடி கூடப் போட்டார்கள். அடப் பாவிகளா, அதற்கு மட்டும் உடனே இடம் கிடைத்துவிட்டதே.

ஆடிட் அன்றைக்கு டஸ்ட் கலெக்டர் ஜம்மென்று ஓடியது. எல்லோர் மூக்கிலும் புது மாஸ்க். இருமுகிறவர்களை எல்லாம் லீவு போட்டு வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், வில்சனும் வீட்டில். ஒரு ஆடிட்டர் பஃபிங் ஹாலைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர் இன்னொருவர், சென்னைக்காரர், சின்ன வயசு. ஏசி ரூமில் ஜெபகனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லினக்ஸை ஓட்டிப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டு, அவள்தான் என்றதும் மனசாரப் பாராட்டினார். எழுந்திருக்கும்போது, "வேற எதுனா பிரச்சனை இருக்கா மேடம்?" என்றார்.

ஞானசிகாமணி கதவுக்கு வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜெபகனி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பேக்கிங் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம், அந்த மனுஷன் முகத்தை அவள் பார்த்தாளே. கிடைத்தாலும் மற்றவர்கள் அங்கேயேதான் நிற்கப்போகிறார்கள். ஹேண்ட்பேக்கைத் திறந்து கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது இந்த லேப்டாப் உள்ள இருந்தது சார். பஃபிங் ரூம்ல இருந்தப்ப சேர்ந்தது. டஸ்ட் கலெக்டர் இன்னிக்கு மட்டும்தான் ஓடுது. என் ஹஸ்பண்ட் அங்கதான் வேல செய்றாரு."

அவர் கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மை காட்" என்றார். செல்போனில் போட்டோ எடுத்தார். "இது ரொம்ப சீரியஸ் மேடம். கண்டிப்பா எழுதுறேன்" என்றார். நல்ல பிள்ளை, சொன்னபடி எழுதவும் எழுதினார்.

அன்றைக்குச் சாயந்தரம் ஜெபகனி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் வில்சனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நீயா சொன்ன? பயமா இல்லியா கனி?" என்று சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்து நாளாகியிருந்தது.

ரிப்போர்ட் வந்ததும் ஞானசிகாமணி அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். இங்கிலீஷில் இருந்தது. கம்ப்யூட்டர் என்ற தலைப்புக்குக் கீழே தூசியைப் பற்றி இருந்தது: பஃபிங் பகுதியின் தூசி கம்ப்யூட்டர் கருவிகளைக் கடுமையாகப் பாதிக்கிறது. அவற்றை அங்கே வைக்கக் கூடாது. குளிரூட்டிய அறையில் வைத்து வாரந்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். இந்தக் குறையை நிர்வாகம் முன்கூட்டியே சரிசெய்திருப்பது பாராட்டத்தக்கது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். பஃபிங் ஹால் பற்றி, அதைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டிப் போன அந்த ஆடிட்டர் எழுதியிருந்தார். டஸ்ட் கலெக்டர் நல்ல நிலையில் ஓடுகிறது என்று இருந்தது.

"படிச்சியா? போட்டுக் குடுத்தியே, இன்னா கெடச்சிது? பேக்கிங்ல எடம் போட்டு வெச்சிருந்தேன். நீயே கெடுத்துக்கின" என்றார். போட்டு வைத்திருந்தாரோ இல்லையோ, அந்தக் கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அவளை வேலையை விட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் லினக்ஸை யார் பார்ப்பது?

வில்சன் அதே உருளையில் நின்றான். அடுத்த வருஷம் நிற்கவும் முடியாமல் போனதும், உடம்புக்கு முடியவில்லை என்று அவனே எழுதிக் கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இப்போது படுத்தால் மூச்சு அடைக்கிறது, சுவரில் தலையணையை அண்டக் கொடுத்து உட்கார்ந்தே தூங்குகிறான். ஜெபகனி ஏசி ரூமுக்கு வேலைக்குப் போகிறாள். ரிப்போர்ட்டில் எழுதினபடி வாராவாரம் சனிக்கிழமை ப்ளோயரால் லேப்டாப்பின் விசிறியை ஊதிச் சுத்தம் பண்ணிவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறாள்.

ஒரு சனிக்கிழமை லேட்டாக வந்தவளிடம், "ஏன் இம்மா நேரம்?" என்றான் வில்சன்.

"லேப்டாப் க்ளீன் பண்ணிட்டு வந்தேங்க."

"இப்ப சூடாவறதில்லியே?"

"இல்லங்க."

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஒரு குத்தலும் இல்லாமல் சொன்னான்: "நல்ல வேள கனி, அத அங்கேர்ந்து எடுத்துட்டீங்க."