ஏழாவது இன்னிங்ஸில் புனிதா

புனிதாவுக்கு மூக்கின் நுனியில் கோபம் என்று கிள்ளானில் அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தப்பு. மூக்கின் நுனியில் இருக்கிற கோபம் வந்த வேகத்தில் போய்விடும். புனிதாவின் கோபம் முப்பது வருஷத்துக்கு மேலாக நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அது ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பெண்பிள்ளைக்கு இத்தனை கோபம் ஆகாது என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

அவள் பிறந்தது ரவாங்கில். அப்பா ரயில் தண்டவாளம் பழுதுபார்க்கிற ஆள். பள்ளி முடித்த கையோடு சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கி, ஷிப்ட் மாறி ஷிப்ட் மாறி உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்தே கிடந்தாள். நிமிர்ந்து நின்றது தொழிற்சாலையின் சாஃப்ட்பால் குழுவில்தான். சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலின் தங்கச்சி. பந்து கொஞ்சம் பெரிசு, ஏழு இன்னிங்ஸோடு ஆட்டம் முடிந்துவிடும், பந்தை வீசுகிற பிட்சர் கையை முழு வட்டமாகச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து விடவேண்டும். புனிதா அந்தக் கையை ஹாஸ்டல் தண்ணீர்த்தொட்டிச் சுவரில் பழக்கினாள். வார்டன் திட்டத் திட்ட, சுண்ணாம்பு உதிர உதிர வீசினாள். ஒரு வருஷத்தில் குழுவின் பிட்சர் அவள்தான் என்று ஆகிவிட்டது. பந்தைப் பிடிக்கிற கேட்சர் பஞ்சவர்ணம், பிரிக்ஃபீல்ட்ஸ்காரி, புனிதா கண்ணைக் காட்டினாலே என்ன பந்து வரும் என்று அறிந்தவள்.

அதே தொழிற்சாலையில் எந்திரம் பழுதுபார்க்கும் டெக்னீஷியன் சுகுமாறன். வேலை முடிந்தால் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று அவள் பந்து வீசுவதைப் பார்ப்பான். அந்தக் கைவீச்சைப் பார்த்து மயங்கித்தான் பெண் கேட்டேன் என்று இன்றைக்கும் கூசாமல் சொல்லுவான். இருக்கட்டும். எதைப் பார்த்து மயங்கினானோ அதை என்ன செய்தான் என்பதுதான் இந்தக் கதை.

கல்யாணமாகி நாலு மாசம். தொழிற்சாலைகளுக்கு இடையிலான கோப்பை. இறுதிச்சுற்றில் மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. எதிரணி கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. ஆளுக்கு ஒன்று ஜெயித்து, மூன்றாவது ஆட்டம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பள்ளித் திடலில். சுகுமாறன் அவன் அம்மாவையும் உறவுக்காரர்களையும் வேன் பிடித்து அழைத்து வந்து மேல்படிகளில் உட்காரவைத்திருந்தான். புது மருமகளின் பெருமையைக் காட்டவேண்டுமே!

ஏழாவது இன்னிங்ஸ், கடைசிப் பாதி. சுங்கை வே ஒரு ரன் முன்னால். கிள்ளானுக்கு இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். மட்டையோடு வருகிறாள் சீதாலெட்சுமி, அந்த அணியின் பெரிய அடிக்காரி. அவளை அவுட்டாக்கினால் கோப்பை. புனிதா கையைச் சுழற்றிப் போட்ட பந்தைச் சீதாலெட்சுமியின் மட்டை தொடவில்லை. ஸ்டிரைக். அந்தச் சுழற்சியில்தான் தாலிக்கொடி ஜெர்சிக்கு வெளியே வந்து விழுந்தது. ஆட்டத்துக்கு முன்னால் எப்போதும் ஊக்கு போட்டு உள்ளே குத்தி வைப்பாள். அன்றைக்கென்று ஊக்கு வாயைப் பிளந்துவிட்டது.

அம்பயர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். ஆட்டத்தை நிறுத்தி, தன் கழுத்தைத் தொட்டு, உள்ளங்கையால் குறுக்கே தேய்த்துக் காட்டினார். மறைத்து ஒட்டிக்கொள் என்று அர்த்தம். கல்யாணமான இந்தியப் பெண்கள் தாலியோடு ஆடுவது அவருக்குத் தெரியும், பிளாஸ்தர் ஒட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறவர். பஞ்சவர்ணம் பிளாஸ்தர் எடுக்க ஓடினாள்.

மேல்படியில் உட்கார்ந்திருந்த சுகுமாறனுக்கு அந்தக் கை என்னவாகத் தெரிந்தது? தாலியைக் கழற்று என்பதாகத் தெரிந்தது. பக்கத்தில் அம்மா "ஐயோ" என்று நெஞ்சில் கைவைத்தாள். அவ்வளவுதான். வேலியைத் தாண்டிக் குதித்து வந்து, அம்பயரைப் பார்த்துக் கத்தி, புனிதாவின் கையைப் பிடித்தான். பந்து போடுகிற கையை. அவள் "இல்லங்க, ஒட்டத்தான் சொல்றாரு, விடுங்க" என்றாள். காதில் வாங்கவில்லை. திடல் முழுக்கப் பார்க்கிறது, மாமியார் பார்க்கிறாள், கல்யாணமாகி நாலு மாசம். இழுத்தான், போனாள். பஞ்சவர்ணம் கையில் பிளாஸ்தரோடு நடுத்திடலில் நின்றாள்.

அவளுக்குப் பதிலாக வந்த பிட்சர் ஒரு சின்னப்பெண். கை சூடாகக்கூட இல்லை. அவள் போட்ட முதல் பந்தையே சீதாலெட்சுமி எல்லைக்கு விரட்டினாள். இரண்டு ரன். கோப்பை கிள்ளானுக்குப் போனது. அதோடு புனிதாவின் ஆட்டமும் முடிந்தது. "போதும்டி, குடும்பத்தப் பாரு" என்று மாமியார் சொல்ல, சுகுமாறன் வாயைத் திறக்கவில்லை.

இது போதாதென்று, அவன் அதைக் கதையாக்கினான். கல்யாண வீடு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், எங்கே போனாலும் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு. "தாலியக் கழட்டச் சொன்னான் அம்பயர். எம் பொண்டாட்டி கோப்பையே வேணாம்னு தூக்கிப் போட்டுட்டு வந்துட்டா லா!" ஊரே அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும். புனிதாவுக்கு வயிறு எரியும். ஆரம்பத்தில் "அப்படி இல்லங்க" என்று திருத்திப் பார்த்தாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று அதற்கும் ஒரு கும்பிடு விழுந்தது. பிறகு வீட்டில் சொன்னாள், சண்டை போட்டுச் சொன்னாள், பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபின்னும் சொன்னாள். "ஆமா ஆமா, விடு" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை ஓங்கி அறையலாம் என்று எத்தனையோ முறை அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

சுகுமாறனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. தொழிற்சாலையில் இருந்த அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஒரு பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேஸ்பால் பகடை ஆட்டம். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அவர் நிஜத்தில் எப்படி ஆடினாரோ அந்தக் கணக்கை வைத்து அட்டையில் வரிசையாக எண்கள். இரண்டு பகடையை உருட்டி, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கவேண்டும், மூன்றும் நாலும் விழுந்தால் முப்பத்தி நாலு. அந்த எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்த்தால் அடித்தாரா, அவுட்டா என்று தெரிந்துவிடும். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த அமெரிக்கச் சாம்பியன் தொடர்களையெல்லாம் கிள்ளானில் சாப்பாட்டு மேசையில் திரும்ப நடத்துவான். செத்துப்போன வெள்ளைக்காரர்களுக்காகக் கைதட்டுவான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் முழுநேரமும் இதே பிழைப்பு.

அப்படிப்பட்டவனுக்குப் போன மாசம் ஒரு யோசனை உதித்தது. புனிதாவின் பிறந்தநாளுக்கு அந்தக் கோப்பை இறுதிச்சுற்றையே அட்டை ஆட்டமாகச் செய்தான். யார் யாரையோ பிடித்துப் பழைய ஸ்கோர் தாள்களை வாங்கி, இரண்டு அணிக்கும் அட்டை எழுதி, பஞ்சவர்ணத்தையும் சீதாலெட்சுமியையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தான். சீதாலெட்சுமி அதே கிள்ளானில்தான் இருக்கிறாள். பாசாரில் மீன் வாங்கும்போது புனிதாவைப் பார்த்தால் இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள், அதற்குமேல் பேச்சு வராது.

சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்தார்கள். சுகுமாறன் அட்டைகளை விரித்தான். புனிதா தன் அட்டையை எடுத்து வரிவரியாகப் படித்தாள். ஸ்டிரைக், ஸ்டிரைக், அவுட் என்று வரிசையாக எழுதியிருந்தான். மனுஷன் கவனித்துத்தான் இருக்கிறான் என்று ஒரு கணம் மனசு இளகியது. மூன்றாவது ஆட்டத்தை மட்டும் ஆடினார்கள். பகடை உருள உருள அவள் பிட்சிங் வெளுத்து வாங்கியது. பஞ்சவர்ணம் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டாள். ஏழாவது இன்னிங்ஸ் வந்தது. நிஜத்தில் போலவே ஒரு ரன் முன்னால், இரண்டு அவுட், இரண்டு பேர் ஓடக் காத்திருக்கிறார்கள், அடிக்க வருவது சீதாலெட்சுமி.

சுகுமாறன் கையை நீட்டிப் புனிதாவின் அட்டையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"ஏன் எடுக்கறீங்க?"

"பிட்சர மாத்தணும் புனி. ரூல் அப்படி. பாரு, மூலையில ஆறுன்னு போட்டிருக்கேன். ஆறு இன்னிங்ஸுக்கு மேல போயி, ரெண்டு பேர் ஓட நின்னுட்டா பிட்சருக்கு டயர்டுன்னு கணக்கு."

"யாருக்கு டயர்டு?"

"ரெக்கார்டு அப்படித்தான் சொல்லுது. ஏழாவது நீ முடிக்கல இல்ல? முடிக்காதவங்களுக்கு ஆறுதான் போடணும்."

புனிதா எழுந்து நின்றாள். கல்யாண வீடுகளில் சொன்ன கதையில் அவளைத் தியாகி ஆக்கினான். இந்த அட்டையில் சோர்ந்துபோனவள் ஆக்கிவிட்டான். இரண்டிலும் அவன் இல்லை. எங்கே தேடினாலும் அந்தத் திடலில் அவன் கால் பட்ட தடமே இல்லை.

"நான் டயர்டு ஆவலங்க. இன்னும் ஏழு இன்னிங்ஸ் போட்டிருப்பேன்."

"கோவப்படாத லா. இது சும்மா கேம்."

"சும்மாவா? அப்ப இதையும் சேத்துக்கங்க."

எண்கள் மட்டும் போட்டு மிச்சம் எழுதாத அட்டை ஒன்றை இழுத்தாள். அவன் பேனாவையே எடுத்து, மேலே சுகுமாறன் என்று எழுதினாள். கீழே எண்கள் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வளைத்து ஒரு வரி எழுதினாள். அவன் முன்னால் போட்டாள்.

"உருட்டுங்க."

அவன் விருந்தாளிகளைப் பார்த்தான். அவர்கள் அசையவில்லை. உருட்டினான்.

"முப்பத்தி நாலு."

"படிங்க."

"புருஷன் திடலுக்குள்ள வந்து, பொண்டாட்டி கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போறான்."

"மறுபடி உருட்டுங்க."

"அம்பத்தி ரெண்டு. புருஷன் திடலுக்குள்ள..." குரல் இறங்கிவிட்டது. "எல்லா நம்பருக்கும் ஒண்ணுதானா? இது கேமே இல்ல புனி."

"அன்னைக்கு மட்டும் எனக்கு வேற நம்பர் இருந்துச்சா?"

"அம்பயர் கழட்டச் சொன்னான். நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

பஞ்சவர்ணத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "யாரு அண்ணே சொன்னா? ஒட்டத்தான் சொன்னாரு. பிளாஸ்தர் என் கையில இருந்துச்சு. நீங்க என்னை இடிச்சுக்கிட்டுத்தான் போனீங்க. நானும் எத்தனையோ கல்யாணத்துல நீங்க சொல்றத கேட்டுட்டேன். புனிதா வீட்டுக்காரர்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"இத என்கிட்ட யாரும்..."

"நான் சொன்னேன்," என்றாள் புனிதா. "எத்தனை வாட்டி சொன்னேன்! ஆமா ஆமா, விடுன்னீங்க."

சுகுமாறன் மேசையில் கிடந்த அட்டைகளை நேராக்கினான்.

சீதாலெட்சுமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அண்ணே, எனக்கும் வயித்தெரிச்சல் உண்டு. கோப்பையக் கையில வாங்குறப்பவே சொல்லிட்டாங்க, புனிதா இல்லாததாலதான் அடிச்சேன்னு. இன்னிக்கு வரைக்கும் அதான் பேச்சு. அவ பந்த நான் அடிப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது. அந்த அட்டைய திரும்ப வைங்க."

அவன் வைக்கவில்லை. புனிதாவே எடுத்து நடுவில் வைத்தாள். ஆளுக்கொரு பகடை என்று சீதாலெட்சுமி சொன்னாள். இரண்டு பெண்களும், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி உருட்டினார்கள். புனிதாவுக்கு ஐந்து. சீதாலெட்சுமியின் பகடை அட்டைப் பெட்டிவரை ஓடி, திரும்பி, ஒன்றில் நின்றது.

பஞ்சவர்ணம் புனிதாவின் அட்டையில் விரல் வைத்துத் தேடினாள். ஐம்பத்தொன்றுக்கு நேரே பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

"அடி. பெரிய அடி. ரெண்டு பேரும் ஓடி வந்துட்டாங்க."

சுங்கை வே மறுபடியும் தோற்றது. சீதாலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. புனிதா அந்த இரண்டு பகடைகளையும் பார்த்தபடி நின்றாள். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது, ஆனால் இது சுத்தமான வலி. கையை நீட்டி, "நல்லா அடிச்சேடி" என்றாள். சீதாலெட்சுமி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சுகுமாறனுக்கு உயிர் வந்தது. மூச்சை விட்டு, முகம் மலர்ந்து, "பாத்தியா புனி, நீயே போட்டிருந்தாலும் தோத்துத்தான் இருப்பே. இதுக்குப் போயி இத்தனை வருஷமா..." என்றான்.

புனிதா அவன் பக்கம் திரும்பினாள்.

"வாய மூடுங்க. இது நான் தோத்தது. அது நீங்க தோக்கடிச்சது. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க."

புனிதா பேனாவை உருட்டி அவன் பக்கம் தள்ளினாள். சுகுமாறன் அதை எடுத்து, அவள் அட்டையின் மூலையில் இருந்த ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினான். தன் பேர் எழுதிய அட்டையைக் கிழிக்கப்போகிறான் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். கிழிக்கவில்லை. மற்ற அட்டைகளோடு சேர்த்து அதையும் பெட்டிக்குள் வைத்தான்.